ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வீட்டில் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. பழைய காட்டன் சேலைகளும், பிளவுஸ் தைத்து மிஞ்சிய துண்டுகளும் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டன. இதையெல்லாம் வைத்து ஒரு போர்வை தைத்தால் என்ன என்று பலருக்கும் ஆசை வருகிறது. நல்ல ஆசை. குயில்டிங் என்று இப்போது எல்லோரும் சொல்லும் இந்த வேலைக்கு வேண்டியது மூன்று அடுக்குத் துணிதான். மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவில் கொஞ்சம் கனம் தரும் அடுக்கு, அடியில் ஒரு முழுத்துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல்தான் குயில்டிங். வங்காளத்தின் காந்தாவும் மகாராஷ்டிரத்தின் கோதடியும் பீகாரின் சுஜனியும் வீட்டிலிருந்த பழந்துணியை அடுக்கி, கையால் ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் நேர்த்தையல்) போட்டுப் பிறந்தவைதான்.

ஆனால் ஆரம்பிப்பவர்களில் நிறையப் பேர் பாதியிலேயே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். கேட்டால், "எனக்குக் கை வரல" என்பார்கள். நான் பார்த்தவரை கையில் குற்றம் இருப்பது அபூர்வம். துணியைத் தேர்ந்தெடுத்ததில், அலசாமல் விட்டதில், வெட்டிய விதத்தில், அயர்ன் பண்ணாததில்தான் கோளாறு இருக்கும். மெஷினில் உட்காரும் முன் செய்கிற வேலை சரியாக இருந்தால், சுமாராகத் தைக்கத் தெரிந்தவருக்குக்கூட போர்வை அழகாக வரும்.

முதல் தவறு அளவில்தான் தொடங்குகிறது. எடுத்த எடுப்பிலேயே கட்டிலுக்கு ஒன்று தைக்க வேண்டும் என்று நினைப்பது. 60 அங்குலத்துக்கு 90 அங்குலம், தைத்து முடித்தபின் 3 அங்குலம் வருகிற சதுரங்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 600 துண்டுகள். வெட்டுவதற்குள்ளேயே அலுத்துவிடும். தப்பித்தவறி முகத்துணியை முடித்துவிட்டாலும், அடுத்த சிக்கல் மெஷினில் காத்திருக்கும். சாதாரண வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலதுபக்கத் தூணுக்கும் நடுவே சுமார் 6, 7 அங்குல இடம்தான் உண்டு. கட்டில் அளவுப் போர்வையைச் சுருட்டி அந்தச் சந்தில் நுழைத்து வளைத்துத் தைப்பது பழகியவர்களுக்கே சிரமம். முதல் வேலைக்கு 30-க்கு 36 அங்குலத்தில் குழந்தைப் போர்வை போதும். தைத்து முடித்தபின் 6 அங்குலம் வருகிற சதுரங்கள் என்றால் வரிசைக்கு 5, மொத்தம் 6 வரிசை, 30 துண்டுகளில் முடிந்துவிடும். அடித்துணிக்குச் சேலையின் அகலமே போதும், நடுவில் இணைப்புத் தையல் வராது.

துணியில்தான் பாதி வேலை

கிடைத்த துண்டையெல்லாம் கலந்து போடுவது அடுத்த தவறு. காட்டன், பாலியெஸ்டர், பட்டு, பனியன் துணி நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். காட்டனுக்கு வைத்த சூட்டில் பாலியெஸ்டர் சுருங்கிப் பளபளவென்று இறுகிவிடும். திருப்பூர்ப் பக்கம் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும் பனியன் துணி, பின்னல் துணி என்பதால் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் கீழே இழுபட்டு நீளும். பக்கத்துக் காட்டன் துண்டு நீளாது, அதனால் இணைப்பு அலை அலையாக நிற்கும். பட்டுத் துண்டுகளை அடிக்கடி துவைக்கும் போர்வையில் சேர்க்க வேண்டாம். குஷன் உறைக்கோ சுவரில் மாட்டுவதற்கோ தனியாக எடுத்துவையுங்கள். முதல் போர்வைக்கு ஒரே கனத்தில் காட்டன் மட்டும், அவ்வளவுதான்.

பழைய சேலை என்றால் அதில் எந்த இடத்தை எடுக்கிறோம் என்பது முக்கியம். கொசுவத்தின் அடிப்பக்கம் தேய்ந்திருக்கும். பல வருஷம் ஒரே மாதிரி மடித்துவைத்த சேலையில் மடிப்புக் கோட்டில் இழை நைந்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தேய்ந்த இடம் சல்லடை மாதிரித் தெரியும். சந்தேகமாக இருந்தால் இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெல்ல இழுங்கள். இழைகள் விலகி அப்படியே நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். எவ்வளவு பிடித்த நிறமாக இருந்தாலும் சரி, நைந்த துணி நாலு துவைப்பில் கிழிந்து, சுற்றியிருக்கும் நல்ல துண்டுகளையும் கெடுக்கும்.

அலசாமல் வெட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். புதுக் காட்டன் முதல் துவைப்பில் சுருங்கும். பழைய சேலை சுருங்குகிற அளவுக்கு எப்போதோ சுருங்கிவிட்டது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால், துவைத்த அன்றைக்குப் புதுத் துண்டு பழையதை இழுத்துச் சுருக்கம் விழவைக்கும். சாயம் இன்னொரு பிரச்சினை. சிவப்பு, கருநீலம், அழுத்தமான பச்சை, சுங்குடி, கலம்காரி எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியை அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. சாயம் ஏற்றும்போது உப்பு உதவும், உண்மைதான். ஏற்றி முடித்த துணியில் ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயத்தை உப்பு கட்டிப்போடாது. தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசுவதே வழி. எத்தனை முறை அலசியும் தெளியவில்லையா, அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அலசிய பிறகு, மெல்லிய சேலைத் துணியாக இருந்தால் லேசாகக் கஞ்சி போட்டு அயர்ன் செய்துகொள்ளுங்கள். துணி விறைப்பாக நிற்கும், வெட்டும்போது வழுக்காது. போர்வை முடிந்ததும் மறக்காமல் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி வரும்.

வெட்டுவதும் இரண்டு நூல் கணக்கும்

துணியில் பாவு நெடுக்காகவும் ஊடை குறுக்காகவும் ஓடுகின்றன. இந்த இரண்டில் ஒன்றுக்கு நேராக வெட்டினால் துண்டு தன் அளவில் நிற்கும். கோணலாக வெட்டினால், அதாவது கிராஸில் போய்விட்டால், கை பட்டாலே நீளும். பிளவுஸ் கட்பீஸ்களில் இந்தத் தொல்லை அதிகம். ஏற்கெனவே யாரோ வளைத்து வெட்டிய மிச்சம் அது, ஓரம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தால் தெரியாது. ஒரு இழையை உருவிப் பாருங்கள், அது காட்டும் கோடுதான் நேர்கோடு. அதற்கு ஸ்கேலை வைத்துக் கோடு போடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், கறை போகாது. தேய்ந்து மெலிந்த வெள்ளைச் சோப்புத் துண்டு கருந்துணியில் அருமையாக எழுதும், முதல் அலசலில் போய்விடும். வெளிர்த்துணிக்கு டெய்லர் சாக் போதும்.

துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதமோ பால் பாக்கெட்டோ வெட்டக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். முனை மழுங்கிவிட்டால் துணியை மென்று தின்னும், பிசிறு பிசிறாக வரும். சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வரும்போது கொடுத்துவிடுங்கள்.

இப்போது தையல் இடைவெளிக்கு வருவோம். துணியின் ஓரத்திலிருந்து தையல் கோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பிளவுஸ் தைக்கும்போது யாரும் இவ்வளவு பார்ப்பதில்லை. பிடித்துவிட்டால் பிரித்துவிடலாம் என்றிருக்கும். ஒட்டுத்துணி வேலையில் அது கால் அங்குலம், கடைசிவரை கால் அங்குலம். ஆசாரிமார் கணக்கில் சொன்னால் இரண்டு நூல். மூன்றரை அங்குலத்தில் வெட்டிய 10 சதுரங்களை வரிசையாக இணைத்தால் முப்பதரை அங்குலம் வர வேண்டும். நீங்கள் இரண்டு நூலுக்குப் பதில் மூன்று நூல் விட்டுத் தைத்தால், ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் போகும். 9 இணைப்புகளில் 18 நூல், அதாவது இரண்டேகால் அங்குலம் காணாமல் போயிருக்கும். ஒரு வரிசையில் ஒழுங்காகவும் அடுத்த வரிசையில் அகலமாகவும் தைத்திருந்தால் இரண்டு வரிசையும் ஒன்றோடு ஒன்று சேரவே சேராது.

இதற்கு ஒரு சின்னப் பரீட்சை உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கவாட்டில் இணைத்து, அயர்ன் பண்ணி நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது, கூடினால் ஓரத்துக்கு வந்துவிட்டது. ஊசியிலிருந்து வலப்பக்கம் இரண்டு நூல் அளந்து, மெஷின் தட்டின்மேல் பிளாஸ்டரை நாலைந்து அடுக்காக ஒட்டிவிட்டால் துணி அதில் உரசிக்கொண்டு நேராகப் போகும். கண் ஊசியைப் பார்க்க வேண்டாம், அந்த ஓரத்தைப் பார்த்தால் போதும்.

ஒவ்வோர் இணைப்பு முடிந்ததும் அயர்ன். கடைசியில் மொத்தமாகப் பண்ணிக்கொள்ளலாம் என்பது சோம்பலில் வரும் தவறு. முதலில் தைத்த கோட்டின்மேல் அப்படியே ஒரு அழுத்து, பிறகு திறந்து, இரண்டு ஓரங்களையும் ஒரே பக்கமாகச் சாய்த்து இன்னொரு அழுத்து. சட்டைக்குப் போடுவது போல இழுத்து இழுத்துத் தேய்க்காதீர்கள், துண்டு கோணும். முதல் வரிசையின் ஓரங்களை இடப்பக்கமும் இரண்டாம் வரிசையை வலப்பக்கமும் சாய்த்துவிடுங்கள். இரண்டு வரிசைகளையும் முகத்தோடு முகம் வைத்து மூலையை விரலால் தடவினால், மேடும் மேடும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி. நான்கு சதுரங்களின் மூலைகள் ஒரே புள்ளியில் சேர்வதன் ரகசியம் இதுதான். அப்படிச் சேர்ந்த மூலையை முதன்முறை திருப்பிப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

மெஷினைக் குறை சொல்லும் முன்

அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகச் சிக்கி, கூடு மாதிரி சேர்ந்துவிடுகிறதா? எல்லோரும் உடனே அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றி அதன் திருகைத் திருப்புவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான் இருக்கும். பாதத்தைத் தூக்கிவைத்துத்தான் மேல்நூலைக் கோர்க்க வேண்டும். பாதம் இறங்கியிருந்தால், மேல்நூலைப் பிடித்து இறுக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் அவற்றின் நடுவே உட்காராமல் மேலோடு போய்விடும். மறுபடி முழுதாகக் கோர்த்துப் பாருங்கள். தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கம் பிடித்துக்கொண்டு மூன்று தையல் ஓட்டினாலே பாதிச் சிக்கல் வராது.

ஊசி உடையும்வரை மாற்றாமல் ஓட்டுவது இன்னொரு பழக்கம். முனை மழுங்கிய ஊசி துணியைக் குத்தும்போது டக் டக்கென்று சத்தம் வரும், தையல் விட்டுவிட்டு விழும். சாதாரணக் காட்டனுக்கு 14-ஆம் நம்பர், மெல்லிய சேலைத்துணிக்கு 11. வாங்கும்போது தண்டைப் பாருங்கள். வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மெஷின் ஊசிக்கு உருண்டை. எண்ணெய் விஷயத்தில் ஒரு வேண்டுகோள்: தேங்காயெண்ணெய் விடாதீர்கள். நாளானால் பிசுக்காகி மெஷினையே இறுக்கிவிடும். மெஷின் ஆயில் ஒரு சின்ன பாட்டில் வருஷக்கணக்கில் வரும். எண்ணெய் விட்டபின் கந்தலில் கொஞ்சம் ஓட்டிவிட்டு நல்ல துணியைத் தொடுங்கள். துணியைத் தள்ளும் பல்லுக்கு அடியில் சேர்கிற பஞ்சையும் அப்போதே பிரஷால் எடுத்துவிடலாம். துணியைப் பின்னாலிருந்து இழுக்கவும் வேண்டாம், அது அந்தப் பல்லின் வேலை.

அடுக்குதல்

நடு அடுக்குக்கு இலவம்பஞ்சைப் பரப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது தலையணைக்கும் மெத்தைக்கும்தான். வழவழப்பான இழை, போர்வையில் ஒரே இடத்தில் நிற்காமல் ஒரு மூலைக்கு உருண்டுபோய்க் கட்டி தட்டும், துவைக்கவும் முடியாது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு பழைய காட்டன் பெட்ஷீட்டே போதும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் கனமாக ஏதாவது பார்க்கலாம்.

மூன்று அடுக்கையும் ஒரே அளவில் வெட்டிவிடுவது நிறையப் பேர் செய்வது. நடுத்துணியும் அடித்துணியும் முகத்துணியைவிட நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும், தைக்கத் தைக்க நகரும். அடித்துணியைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். விறைப்பாக இழுக்க வேண்டாம், விட்டதும் சுருங்கிக்கொள்ளும். மற்ற இரண்டையும் மேலே பரப்பி, ஒரு கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள், அல்லது நீளமான ஓட்டுத்தையல் போடுங்கள். இந்த வேலை சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதைக் குறைத்தால் அடித்துணியில் மடிப்பு விழும், திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

தையலை நடுவில் தொடங்கி ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். ஓரத்தில் தொடங்கினால் தளர்வெல்லாம் நடுவில் வந்து மேடு கட்டும். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்த் போர்வைகளில் இதற்கு நேர்மாறான முறை இருக்கிறது. ஆப்பிரிக்க வழிவந்த அவர்கள் ஒரு மூலையில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முகத்துணியை முன்கூட்டியே இணைத்து வைத்துக்கொள்ளாமல், அடித்துணியின்மேல் ஒவ்வொரு துண்டாக வைத்துக் கையாலேயே தைத்துக்கொண்டு போவதால் அங்கே தளர்வு சேர இடமில்லை. மூலைகளில் மடித்த துணியால் பூ வைக்காமல் போர்வை முடிந்ததாகவே கருத மாட்டார்கள். முறையைக் கலக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் நமக்கு விஷயம். மெஷினில் இணைத்த முகத்துணி என்றால் நடுவிலிருந்துதான்.

என்னைக் கேட்டால் முதல் போர்வையின் குயில்டிங்கைக் கையாலேயே செய்யச் சொல்வேன். துண்டுகளை மெஷினில் இணைத்துவிட்டு, சாயங்கால நேரத்தில் மடியில் போட்டு ஓட்டுத்தையல். கை தைக்கும்போது துணி எங்கே இழுக்கிறது, எங்கே தளர்கிறது என்பது விரலுக்குத் தெரியும். கோடுகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்குமேல் இடைவெளி விடாதீர்கள்.

எதைப் பிரிப்பது, எதை விட்டுவிடுவது என்று சிலர் குழம்பிப்போகிறார்கள். மூலை அரை நூல் விலகியிருந்தால் விட்டுவிடுங்கள், துவைத்தபின் கண்ணுக்குத் தெரியாது. அடித்துணியில் மடிப்பு மாட்டியிருந்தால் பிரித்தே ஆக வேண்டும். பிளேடால் இழுக்காமல், நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டி மறுபக்க நூலை உருவினால் துணி தப்பிக்கும்.

போர்வையின் ஓரத்தைச் சுற்றி மூடும் ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குலப் பட்டை, இரட்டையாக மடித்து. நேரான ஓரத்துக்குக் கிராஸில் வெட்டித் துணியை வீணாக்க வேண்டாம், வளைவு இருந்தால்தான் அது தேவை. பட்டைகளைச் சாய்வாக இணையுங்கள், ஒரே இடத்தில் தடிப்பு சேராது. மூலைக்கு வரும்போது ஓரத்துக்கு இரண்டு நூல் முன்பாகவே தையலை நிறுத்தி, பட்டையை மேலே சாய்வாக மடித்து, திரும்பக் கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடருங்கள். ஓரம்வரை தைத்துவிட்டுத் திருப்பினால் மூலை உருண்டுபோகும்.

முதல் துவையல் பச்சைத் தண்ணீரில், ஒரு வெள்ளைக் கந்தலையும் கூடப் போட்டு. அந்தக் கந்தலில் நிறம் ஏறியிருந்தால் போர்வையைக் காயவிடாமல் அப்போதே மறுபடி அலசிவிடுங்கள். காய்ந்து அயர்னும் பட்டுவிட்டால் அந்தக் கறையை எடுப்பது கஷ்டம்.