நாய்க்கு மலம் இளகிப் போனதும் ஆப்பிள் சக்கையும்

எங்கள் நாய்க்கு அடிக்கடி மலம் இளகி, சளி படிந்து போய்க்கொண்டிருந்தது. புழு, தொற்று எதுவும் இல்லை என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, சாறு பிழிந்த ஆப்பிள் சக்கையை விதை, காம்பு நீக்கி வேகவைத்து மசித்து, வழக்கமான சாப்பாட்டில் அரை ஸ்பூன் கலந்து ஆரம்பித்தேன், வயிறு உப்பவில்லை என்று தெரிந்ததும் மெல்லக் கூட்டினேன். கொஞ்ச நாளில் மலம் இறுகி, அள்ளும்போது தரையில் ஒட்டாமல் வந்தது, அவ்வளவு நிம்மதி! சக்கையில் உள்ள பெக்டின் என்ற கரையும் நார் தண்ணீரை இழுத்துக் கூழாகிறது. பெருங்குடல் பாக்டீரியா அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகிறது, குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கியத் தீனி. கரையாத நார் மலத்துக்குப் பருமன் கொடுக்கும். அளவு மீறினால் மறுபடி இளகும். அப்புறம், திராட்சைச் சக்கை மட்டும் வேண்டவே வேண்டாம், நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும்.