செப்டிக் டேங்க் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் செபெராங் பிறைப் பக்கம் தோட்டத்து லயங்களிலும் கம்பத்து (கிராமத்து) வீடுகளிலும் குழாய் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளைப் பார்க்கிறேன். வீட்டுக் கழிவுநீர் தேங்கித் தெளியும் செப்டிக் டேங்கில், முன்பு எல்லாரும் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கழிவறையில் நாப்கின் போடக்கூடாது என்பதெல்லாம் வீட்டுக்காரர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மழைத் தண்ணீரை டேங்கில் விடுவது

நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ஒரு வரிசையில் மழை பெய்தால் போதும், பின்பக்க லொங்காங் (சாக்கடை வாய்க்கால்) நாறும். லாரி வைத்துக் கசடு எடுத்தார்கள். அடுத்த மழைக்குப் பழையபடிதான். ஒரு நாள் மழையிலேயே மூடியைத் திறந்து பார்த்தோம். கழிவறையில் யாரும் இல்லை, ஆனால் உள்ளே வரும் குழாயில் தண்ணீர் திமுதிமுவென்று கொட்டுகிறது. கூரைப் பீலியின் குழாயை மண்ணுக்கடியில் கழிவறைக் குழாயோடு சேர்த்திருக்கிறார்கள்.

வேலை செய்த தம்பியைக் கேட்டேன். "தனிக் குழாய் போட்டா காசுண்ணே. அதோட மழைத் தண்ணி போனா டேங்கும் கழுவிச் சுத்தமாயிடுமே" என்றார். இந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அந்த டேங்க் வேலை செய்வதே தண்ணீர் அசையாமல் நிற்பதால்தான். கனமானது அடியில் படியும், கொழுப்பு மேலே மிதக்கும், நடுவில் தெளிந்த தண்ணீர் மட்டும் மெல்ல வெளியேறும். அடிக்கசட்டில் இருக்கும் கிருமிகள் காற்றில்லாமலே அதைத் தின்று குறைக்கும். இதற்குத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு நாளாவது உள்ளே தங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மலேசியாவில் ஓர் ஆளுக்கு ஒரு நாள் கழிவுநீர் 225 லிட்டர் என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். குளியல், சமையல் தண்ணீரும் இதில் அடக்கம். ஐந்து பேருக்கு 1,125 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 5,000 லிட்டர். நம் ஊரில் சாயங்கால மழை ஒன்றே அதைக் கொட்டிவிடும். நான்கு நாளுக்கு மேற்பட்ட தண்ணீர் ஒரு மணி நேரத்தில் பாய்ந்தால் கசடு கலங்கி அப்படியே வெளியே போகும். அந்த லயத்தில் பிள்ளைகள் தாண்டி ஓடும் லொங்காங்கில் கருஞ்சேறு துணுக்குத் துணுக்காக மிதந்தது. ஒரு குழாய்க் காசை மிச்சம் பிடித்ததற்கு, சிமெண்ட் தரையை உடைத்து, தனிக் குழாய் இறக்கி, மறுபடியும் லாரி கூப்பிட வேண்டியதாயிற்று.

சந்தேகம் இருந்தால் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைப் பீலியில் ஊற்றுங்கள். டேங்கில் மஞ்சள் தெரிந்தால் இணைப்பு இருக்கிறது.

ஃபைபர் டேங்கைக் காலியாக விடுவது

கடலோரத் தாழ்நிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அங்கே மழைக்காலத்தில் கசடு எடுத்த ஃபைபர் டேங்க் படகு மாதிரி மேலே எழும்பும், குழாய்கள் ஒடியும். கசடு எடுத்த கையோடு நல்ல தண்ணீர் நிரப்புங்கள். பதிக்கும்போதே அடியில் கான்கிரீட் தளம் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டுவது

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டும். மூடியைத் திறக்க முடியாவிட்டால் லாரிக் குழாயை எங்கே விடுவார்கள்?

நாற்றத்துக்கு பிளீச் ஊற்றுவது

வேண்டாம். கிருமி செத்தால் அது வெறும் குழிதான்.

கோயில் அன்னதான அடுப்படி

கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் டிராப் தொட்டி இல்லாமல் இணைக்கவே இணைக்காதீர்கள்.

உள்ளே இறங்குவது

கூடாது. கைதவறி விழுந்த சுத்தியலுக்காகவும் கூடாது. டேங்கில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவின் அளவு கூடினால் மூக்குக்கு நாற்றமே தெரியாது. வாயு இல்லை என்று நம்பி இறங்கிவிடுவோம். மயங்கியவரைத் தூக்கக் குதிப்பவரும் கூடவே சாகிறார். யாராவது விழுந்துவிட்டால் 999-க்கு அடித்து பொம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை, சொந்தத் தம்பியே உள்ளே கிடந்தாலும், ஒருவரையும் கிட்டே விடாதீர்கள்.