சீட்டு கைக்கு வந்த பிறகும் பிள்ளையின் பார்வை கைநழுவுவது ஏன்?

பள்ளிக்கூடத்திலேயே கண் பார்த்துவிட்டார்கள், இனி கவலையில்லை என்று இருந்துவிடுவதுதான் முதல் தவறு. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்வைக் குறையையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஆனால் அங்கே தெரிவது, எந்தப் பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான்.

டாக்டரிடம் போகச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு ஜியோமெட்ரி பாக்ஸில் நாலாக மடிந்து கிடக்கும். அம்மா விடியும் முன்பே சென்னை காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருப்பார். ஓ.பி. காலையில்தான்; போனால் அன்றைய வருமானம் போச்சு. இதைப் பெற்றோரின் அலட்சியம் என்று சொல்லிவிடுவதை என்னால் ஏற்க முடியாது. சீட்டு வாங்கிய பிள்ளைகளை, வீட்டில் எழுதி வாங்கிய சம்மதத்தோடு, ஒரு டீச்சரும் தெருவில் இருக்கும் ஓர் ஆயாவுமாகச் சேர்ந்து ஒரே நாளில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். பத்து வீட்டுக் கூலி மிச்சமாகும்.

பள்ளியில் பார்க்கும் விதத்திலும் கோளாறு உண்டு. "ஒரு கண்ணை மூடு" என்றால் பிள்ளை விரல்களால் மூடும். எழுத்து தெரியாதபோது விரலிடுக்கு தானாக விரியும். வரிசையில் பின்னால் நிற்பவன், முன்னால் படிப்பவனைக் கேட்டே எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துவிடுவான். வகுப்பறை சின்னது என்று 6 மீட்டர் தூரத்தில் வைக்க வேண்டிய எழுத்து அட்டையை 4 மீட்டரில் வைத்தால் லேசான குறை தெரியவே தெரியாது. கண்ணை அட்டையாலோ உள்ளங்கையைக் குவித்தோ மூடுங்கள், அழுத்தாமல். மற்ற பிள்ளைகள் வெளியே நிற்கட்டும்.

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு கண் நன்றாக இருந்தால் பிள்ளை அதை வைத்தே படிக்கும், ஓடும், பந்து பிடிக்கும். மங்கலான கண்ணை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். இதுதான் சோம்பேறிக் கண். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தால் தேறும். ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம். மாறுகண்ணும் இப்படி ஒரு கண்ணை ஒதுக்கவைக்கும்; அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவைப்பவர்கள் இழப்பது இந்த வருடங்களைத்தான்.

நேராகக் கடைக்குப் போய் கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்துக் கண்ணாடி வாங்குவதும் கூடாது. பிள்ளைகளின் கண் தசை இறுகி, இல்லாத மைனஸ் பவரைக் காட்டும். அதைத் தளர்த்தத்தான் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து போடுகிறார்கள். கண் கூசும், கிட்டத்தில் இருக்கும் எழுத்து கலங்கும். மருந்தைப் பொறுத்து சில மணி நேரமோ சில நாட்களோ இருக்கும். "மருந்து போட்டு கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்று பயந்து, பவர் எழுதும் நாளில் வராமல் போகிறவர்கள் நிறைய. முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வருவார்கள்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது பொய். பிள்ளை வளரும்போது கண் விழியும் வளர்கிறது, அதனால் ஏறுகிறது. வருடம் ஒருமுறை பவர் பாருங்கள். "சோடாபுட்டி" என்ற கேலிக்குப் பயந்தே பாதிக் கண்ணாடிகள் பைக்குள் போய்விடும். அந்தச் சொல்லை டீச்சர் வகுப்பிலேயே தடுக்க வேண்டும். பெண்பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் வரன் அமையாது என்று வீட்டில் சொன்னால், அதற்கும் யாராவது எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு எதுவும் கண்ணில் ஊற்ற வேண்டாம்.

சிலவற்றுக்குப் பள்ளிக் கண் பரிசோதனைக்காகக் காத்திருக்கவே கூடாது. கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலோ, போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ, அது கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் புற்றுநோயாகவும் இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். ஸ்டான்லிக்கோ, 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்கோ, வெள்ளை தெரிந்த அன்றைக்கே கிளம்புங்கள்.