பிஜி தமிழ் கோர்ஸ் உருப்படியா நடக்குதான்னு எப்படிப் பாக்கறது

கேரளாவுல பாலக்காடு மாவட்டம், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம்னு எங்க பக்கத்துல வீட்டுல தமிழும் வெளியில மலையாளமுமா வளந்த புள்ளைங்க இன்னிக்கும் பிஜிக்கு, அதாவது எம்.ஏ.வுக்கு, தமிழ் எடுக்கறாங்க. சித்தூர் கவர்மென்ட் காலேஜ் இருக்கு, தெக்க போனா காரியவட்டத்துல கேரளா யுனிவர்சிட்டி தமிழ்த்துறை இருக்கு, பார்டர் தாண்டினா கோயமுத்தூர். 2004ல தமிழுக்கு செம்மொழின்னு பேரு வந்துச்சு, மறு வருஷம் சமஸ்கிருதத்துக்கு, 2013ல மலையாளத்துக்கும் வந்துருச்சு. ஆனா தமிழ்ல ஒரு பிஜி கோர்ஸ் நல்லா நடக்குதான்னு கேட்டா எல்லாரும் பாஸ் பர்சன்டேஜைத்தான் எடுத்து நீட்டறாங்க. நான் தமிழ்ல பிஜி முடிச்சு ப்ளஸ் டூ பசங்களுக்கு பாடம் எடுக்கறவன், ஒரு டிபார்ட்மென்ட் ரெவ்யூல பழைய மாணவன்ங்கற முறையில ரெண்டு தடவை உட்கார்ந்திருக்கேன், அதுல கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன். டீச்சரா இருக்கறவங்களுக்கும் ஆகும், புள்ளைய சேக்கப்போற அப்பா அம்மாவுக்கும் ஆகும்.

முதல்ல அந்த பாஸ் பர்சன்டேஜை முடிச்சுருவோம். கடைசி செமஸ்டர் எழுதினவங்களை வெச்சு கணக்கு போடாதீங்க, முதல் நாள் அட்மிஷன் ரெஜிஸ்டரை எடுங்க. 20 பேர் சேந்து, 12 பேர் கடைசிப் பரீட்சை எழுதி, 11 பேர் பாஸ்னு வைங்க, நோட்டீஸ் போர்டுல 92 பர்சன்ட்னு வரும், ஆனா சேந்தவங்கள்ல முடிச்சவங்க 55 பர்சன்ட்தான். அந்த மீதி 8 பேருக்கும் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணுங்க, லிஸ்டுல "டிஸ்கன்டினியூட்"னு ஒரு வார்த்தை போட்டு விட்றாதீங்க. கல்யாணம் ஆகிப் போன பொண்ணு, பிஎட் சீட்டு கெடச்சு போனவன், சாயங்கால பஸ் விட்டா அடுத்தது ரொம்ப நேரம் இல்லைங்கறதால நின்னவன், கிளாஸ்ல ஒண்ணும் புரியாம நின்னவன், இதெல்லாம் ஒண்ணில்ல, கடைசி ஆளுக்கு மட்டும்தான் டிபார்ட்மென்ட் நேரடியா பதில் சொல்லணும், பஸ்ஸுக்காக நின்னவனுக்கு கிளாஸ் டைம்டேபிளை அரை மணி நேரம் முன்னாடி தள்ளினாலே போதும்.

இனி முக்கியமான விஷயம். செம்மொழி பிஜி முடிச்சவங்க முன்னப்பின்ன பாக்காத ஒரு பழைய பாட்டை, அகராதியும் உரையும் கையில வெச்சுக்கிட்டு, தனியா உட்கார்ந்து படிக்கணும். அது வந்துருச்சுன்னா கோர்ஸ் ஜெயிச்சுருச்சு, வரலைன்னா ரேங்க் வாங்கியிருந்தாலும் ஜெயிக்கலை, என்னைக் கேட்டா அவ்ளோதான். இதை பல்கலைக்கழகப் பரீட்சை சோதிக்கறதே இல்ல, ஏன்னா சிலபஸ்ல இருக்கற பாட்டுக்கு கைடுல இருக்கற பொழிப்புரைய மனப்பாடம் பண்ணி எழுதிடலாம்.

சோதிக்கறது இப்படி. பதிற்றுப்பத்துல இருந்து சிலபஸ்ல இல்லாத ஒரு பாட்டை எடுங்க. சேர ராஜாக்களைப் பாடினது, நம்ம மண்ணு சம்பந்தப்பட்டது, முதல் பத்தும் பத்தாம் பத்தும் கெடைக்காம மீதி எட்டுப் பத்துதான் கையில இருக்கு, 1904ல உ.வே.சா. பழைய உரையோட பதிப்பிச்சது. பாட்டை சந்தி பிரிக்காம, சீர் பிரிச்ச பழைய அச்சு மாதிரியே ஜெராக்ஸ் எடுத்து முதல் செமஸ்டர் பசங்களுக்கும் நாலாம் செமஸ்டர் பசங்களுக்கும் ஒரே நாள்ல குடுங்க, ஒரு மணி நேரம், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அகராதியும் அந்தப் பாட்டோட பழைய உரையும் பக்கத்துல இருக்கட்டும், போன்லயும் பாக்கலாம். தெரிஞ்ச பாட்டை குடுக்காதீங்க, "யாயும் ஞாயும்" எல்லாருக்கும் பாட்டா பாடமாயிருக்கும். ஆனா அதையே ஒரு வார்ம் அப் மாதிரி குடுத்துப் பாருங்க, நான் குடுத்தேன். "செம்புலப் பெயனீர்"னு இருந்ததை பெயல், நீர்னு பிரிக்க முடியாம, "பெயனீர்"னா ஒரு வகை தண்ணின்னு எழுதினா ஒரு பொண்ணு. கடைசி வரி "தாங்கலந் தனவே", அதை தாம், கலந்தனன்னு பிரிக்காம "தாங்கல்"னு ஒரு சொல்லைக் கண்டுபிடிச்சு அர்த்தமும் சொன்னான் இன்னொருத்தன். ரெண்டு பேரும் அந்தப் பாட்டை தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரலை, அவங்க தப்பு இல்லங்க, ரெண்டு வருஷத்துல ஒருத்தரும் அவங்களை சந்தி பிரிக்க வெக்கலையே.

பேப்பர் திருத்தும்போது சொல்லைச் சரியா பிரிச்சிருக்காங்களா, இருபது வரி ஓடற வாக்கியத்துல முடிக்கற வினை எது, அதுக்கு எழுவாய் எதுன்னு புடிச்சிருக்காங்களா, உரைக்காரர் ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் நின்னு விளக்கம் சொல்றார்னு யோசிச்சிருக்காங்களா, இதைப் பாருங்க. "இந்த இடம் எனக்கு புரியலை"ன்னு குறிச்சிருந்தா அதுக்கும் மார்க் போடுங்க, புரியாத இடம் எதுன்னு தெரியறது பெரிய படிப்பு. பேரை மறைச்சு வேற காலேஜ் டீச்சர்கிட்ட திருத்தக் குடுத்தா இன்னும் நல்லது. ரெண்டு பேட்சுக்கும் பெருசா வித்தியாசம் இல்லைன்னா அந்த ரெண்டு வருஷம் என்ன நடந்துச்சுன்னு உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

ஏட்டுச்சுவடி பேப்பர் இருக்கற கோர்ஸ்னா ஒரு ஓலையோட போட்டோவையும் குடுங்க. ஓலையில புள்ளி இருக்காது, எகர ஏகார, ஒகர ஓகார வித்தியாசம் இருக்காது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், அதனால "கொடு"வா "கோடு"வான்னு இடம் பாத்துத்தான் முடிவு பண்ணணும், அந்த முடிவை எப்படி எடுத்தாங்கன்னு வாயால சொல்லச் சொல்லுங்க.

அப்புறம் லைப்ரரிக்குப் போங்க. தொல்காப்பியம் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையை எடுத்து கடைசிப் பக்கத்துல ஒட்டியிருக்கற தேதி சீட்டைப் பாருங்க. நான் பாத்த சீட்டுல கடைசி முத்திரை ஆறு வருஷம் முந்தினது, பக்கத்து ஷெல்ஃப்ல நெட்டு (காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வு) கைடு மட்டும் முதுகு கிழிஞ்சு செல்லோடேப் போட்டு இருந்துச்சு. அந்த டிபார்ட்மென்டைப் பத்தி எனக்கு அதுக்கு மேல ரிப்போர்ட் தேவைப்படலை.

நெட்டு, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சிக்கு குடுக்கற உதவித்தொகை) எத்தனை பேர் வாங்கினாங்கங்கறதும் கணக்குல வரட்டும், பசங்களுக்கு அது சோறு. ஆனா ரெண்டு தாளும் சேத்து 150 கேள்வி, எல்லாம் ஆப்ஷன்ல டிக் அடிக்கறது, நூலாசிரியர் பேரையும் வரிசையையும் தெரிஞ்சா பாதி தாண்டிடலாம், அதனால அதை வெச்சு படிக்கத் தெரியுமான்னு முடிவு பண்ணாதீங்க.

வேலைக் கணக்கை அஞ்சு வருஷம் கழிச்சு எடுங்க, முடிச்ச வருஷமே எடுத்தா பாதிப் பேர் பிஎட்ல இருப்பாங்க. பார்டர்ல இருக்கறவங்க ஒண்ணு கூடக் கேளுங்க, இந்த டிகிரி ரெண்டு பக்கமும் செல்லுதா, இந்தப் பக்க டிகிரியும் அந்தப் பக்க டிகிரியும் சமம்னு சொல்ற ஈக்விவலன்சி சர்டிபிகேட் வாங்கற வழியை அட்மிஷன் அன்னிக்கே சொல்றாங்களா. எனக்கு ஒருத்தரும் சொல்லாம, ஒரு ஆபீஸ்ல அந்த ஒரு பேப்பருக்காக நாலு மாசம் அலைஞ்சு வந்த வேலை கைவிட்டுப் போச்சு.

டீச்சர்ல எத்தனை பேர் பெர்மனென்ட், எத்தனை பேர் கெஸ்ட்னும் பாருங்க. வருஷா வருஷம் ஆள் மாறினா இலக்கணம் பாதியில நிக்கும், அது எங்க நின்னுச்சுன்னு பசங்க நோட்டைப் புரட்டினாலே தெரியும்.

இந்த விடைத்தாளை எல்லாம் ஒரு கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க. இப்ப முதல் செமஸ்டர்ல எழுதின அதே பசங்களுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு அதே நூல்ல வேற பாட்டு குடுத்து, பழைய தாளை அவங்க கையிலயே குடுத்து, பக்கத்துல வெச்சுப் பாக்கச் சொல்லுங்க.