முழங்காலுக்கு பிஆர்பி, ஸ்டெம் செல் ஊசி போடப் போறீங்களா, முதல்ல இதைப் படிங்க

எங்க அம்மாவுக்கு 62 வயசு, மாடிப்படி இறங்கும்போது முழங்கால்ல உயிர் போற வலி. ஒரு சென்டர்ல எக்ஸ்ரேவைக்கூட ஒழுங்கா பாக்காம, ஸ்டெம் செல் (வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) போட்டா ஜவ்வு புதுசா வளந்துடும்னு சொல்லி ரெண்டு காலுக்கும் சேத்து பேக்கேஜ் போட்டாங்க, நாங்களும் நகையை அடகு வைக்கக் கிளம்பிட்டோம். நல்லவேளை, அதுக்குள்ள இன்னொரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டினோம், கடைசியில பிஆர்பி மட்டும் போட்டோம்.

ஜவ்வுன்னு நாம சொல்ற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, அதனால தோல்ல பட்ட காயம் மாதிரி அது தானா ஆறாது. பிஆர்பின்னா நம்ம ரத்தத்துலயே தட்டணுக்களை (ரத்தம் உறைய உதவற பிளேட்லெட்) மட்டும் செறிவாக்கி மூட்டுக்குள்ள போடறது, அதுல இருக்கிற வளர்ச்சிக் காரணிகள் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும்ங்கறதுதான் எதிர்பார்ப்பு. ஆனா ஆஸ்திரேலியாவுல 288 பேரை வச்சு, சிலருக்கு பிஆர்பி, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணி ஊசின்னு போட்டு ஒரு வருஷம் பாத்தாங்க, 2021ல ரிசல்ட் வந்துச்சு, வலியிலயும் சரி ஜவ்வோட அளவுலயும் சரி சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. வலி குறைஞ்சதா சொல்ற ஆய்வுகளும் இருக்கு. அதனால வலிக்கு ஒரு முயற்சின்னு நினைச்சுப் போங்க, ஜவ்வு வளரும்னு நம்பி கடன் வாங்காதீங்க, ப்ளீஸ்.

முதல் வேலை, நின்ன நிலையில எக்ஸ்ரே எடுத்து கிரேடு என்னன்னு கேளுங்க. தேய்மானத்தை 1லருந்து 4 வரைக்கும் சொல்லுவாங்க, 2, 3ன்னா யோசிக்கலாம், 4ல எலும்போட எலும்பு உரசற நிலைமை, அங்க ஊசிக்குக் காசு போடறது என்னைப் பொறுத்தவரை வீண்.

ஊசிக்கு முன்னாடி ஒரு வாரமாவது டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளை நிறுத்தச் சொல்லுவாங்க, அது தட்டணுக்களோட வேலையைக் கெடுக்கும், வலிச்சா பாராசிட்டமால் போதும். ஆனா இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடறவங்க தானா நிறுத்தவே கூடாது, அந்த டாக்டர்கிட்ட கேட்டுத்தான். தட்டணு எண்ணிக்கை குறைவா இருந்தாலோ உடம்புல எங்கயாவது இன்ஃபெக்ஷன் இருந்தாலோ முன்னாடியே சொல்லிடுங்க.

அன்னிக்கு கையில ரத்தம் எடுத்து ஒரு மெஷின்ல வச்சு சுத்துவாங்க. வெளிய எடுத்தப்போ ட்யூப்ல அடியில கருஞ்சிவப்பு, நடுவுல நூல் மாதிரி ஒரு வெள்ளைப் படலம், மேல கடலெண்ணெய் கலர்ல தெளிவா ஒரு தண்ணி, அம்மா பாத்துட்டு "ஏன்டா, இதுவும் என் ரத்தமா?"ன்னு கேட்டாங்க. அந்த மஞ்சள் பகுதியிலருந்து எடுத்ததைத்தான் மூட்டுல போட்டாங்க, ஸ்கேன் பாத்துகிட்டே போடறாங்களான்னு கேட்டுக்கோங்க. ரெண்டு மூணு நாள் வலி கூடும், வீங்கும், பயப்பட வேண்டாம், ஐஸ் வைக்கலாம்னு சொன்னாங்க. ஆனா காய்ச்சல் வந்து மூட்டு சிவந்து கொதிச்சா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, மூட்டுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கலாம்.

ஸ்டெம் செல்லுக்கு வருவோம். இடுப்பெலும்புல மஜ்ஜை எடுத்துப் போடறாங்க, அதுல உண்மையான ஸ்டெம் செல் ரொம்ப ரொம்பக் கம்மி. அமெரிக்காவுல 2023ல வந்த பெரிய ஆய்வுல மூணு விதமான செல் ஊசியை ஸ்டீராய்டு ஊசியோட ஒப்பிட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சல. நம்ம நாட்டுல 2022ல முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டெம்ப்யூசெல்னு ஒரு தயாரிப்புக்கு அனுமதி கிடைச்சிருக்கு, அதனால யாராவது ஸ்டெம் செல்னு சொன்னா எந்தத் தயாரிப்பு, அனுமதி உண்டான்னு கேளுங்க. ஆராய்ச்சின்னு சொன்னா சிடிஆர்ஐ (நம்ம நாட்டுல மருத்துவ ஆய்வுகளைப் பதியற அரசுப் பதிவேடு) பதிவு நம்பர் கேளுங்க, ஆராய்ச்சின்னு சொல்லிட்டு உங்ககிட்ட காசும் கேட்டா எழுந்து வந்துடுங்க.

எது போட்டாலும் பிசியோவை விடாதீங்க. அம்மா துண்டை உருட்டி முழங்காலுக்கு அடியில வச்சு, அழுத்தி அஞ்சு எண்ணி விடுவாங்க, காலையில பத்து, சாயங்காலம் பத்து. உடம்புல 1 கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முழங்காலுக்கு 4 கிலோ பாரம் குறையுதாம். ஊசிக்கு முன்னாடி நாள்லருந்தே தினசரி காலண்டர்ல வலி பத்துக்கு எத்தனைன்னு எழுதச் சொன்னேன், அம்மாவுக்கு 7ல ஆரம்பிச்சது மூணு மாசத்துல 4க்கு வந்துச்சு, இன்னும் தரையில சம்மணம் போட முடியல. அடுத்த ஊசி வேணுமான்னு டாக்டர் கேட்டப்போ அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினோம்.