எல்லையோர வார்டில் இன்சுலின் பிழையைக் குறைக்க: ஹவுஸ் சர்ஜன்களுக்கு

களியக்காவிளை, செங்கோட்டை, வாளையாறு பக்கம் அட்மிட் ஆகும் சர்க்கரை நோயாளிகளில் சிலர் கேரளாவிலும் வைத்தியம் பார்த்திருப்பார்கள். பையில் அங்கே வாங்கிய இன்சுலின் இருக்கும். முதல் மருந்து ஆர்டரைப் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர்தான் எழுதுகிறார் என்பதால், இன்சுலின் நேரமோ அளவோ மாறிப்போகும் பிழையைத் தடுக்க அவரைவிடத் தோதான ஆள் இல்லை.

மலையாளத்தில் ‘ராவிலே’ என்றால் காலையில். நம் காதுக்கு அது ராத்திரி. “ராவிலே இருபது” என்று பாட்டி சொன்னதை இரவு டோஸாக எழுதினால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். அதனால் சாப்பாட்டை வைத்துக் கேளுங்கள்: “காலைப் பலகாரத்துக்கு முன்னாடியா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடியா?”

அடுத்து, மருந்தைக் கையில் வாங்கி லேபிளைப் படியுங்கள். பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். 100 யூனிட் பாட்டிலும் உண்டு. பேனா கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். 40 பாட்டிலை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 8 யூனிட்தான். இரண்டாவதுதான் அதிகம் ஏமாற்றும்: சர்க்கரை குறையவில்லையே என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள், சரியான சிரிஞ்ச் கைக்கு வந்த அன்று ஆள் மயங்கி விழுவார்.

ஆர்டரில் இன்சுலின் பெயர், செறிவு (மில்லிக்கு எத்தனை யூனிட்), டோஸ், எந்தச் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன் என நான்கும் வேண்டும். ‘யூனிட்’ என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில ‘யூ’ எழுத்து மட்டும் போட்டால் அவசரத்தில் சுழியாகத் தெரியும். 20 என்பது 200 ஆகிவிடும்.

வார்டு முழுக்க இது பழக வேண்டுமானால், ஒரு திங்கட்கிழமை இன்சுலின் போடும் 10 பேரின் கேஸ் ஷீட்டில் இந்த நான்கும் எத்தனையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். எழுதியவர் பெயரைக் குறிக்காதீர்கள். குறித்தால் அடுத்த முறை ஷீட்டே கைக்கு வராது. பிறகு ஒரே ஒரு மாற்றம்: கேஸ் ஷீட்டில் அந்த நான்குக்கும் கட்டம் போட்ட ரப்பர் ஸ்டாம்ப். அடுத்த திங்கள் மறுபடி 10. எண்ணிக்கை ஏறிய பிறகு சிரிஞ்சுகளை நிறவாரியாகத் தனி டப்பாவில் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. வார்டு சிஸ்டரை முதல் நாளே கூட்டுச் சேருங்கள். உங்கள் போஸ்டிங் முடிந்த பிறகும் டப்பாவைக் காப்பவர் அவர்தான்.

போஸ்டிங் மாறும் அன்று எண்ணிக்கைத் தாளை அடுத்து வருபவரிடம் கொடுத்து, ஒரு நோயாளியின் டோஸை உங்கள் கண்முன்னே சிரிஞ்சில் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.