கூபர் பீடியைப் பார்ப்பது எப்படி

தென் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில், அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 850 கி.மீ. தொலைவில், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கூபர் பீடி என்னும் சுரங்க ஊர் இருக்கிறது. அவ்வழியே செல்வோரில் பலர் வண்டிக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கடையில் ஓப்பல் என்னும் மணிக்கல் ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள்; தகரக் கூரைகளையும் மண்மேடுகளையும் தவிர வேறெதுவும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. இங்கு மக்களில் பலரும் தரைக்குக் கீழேதான் வாழ்கிறார்கள். ஆகவே குறைந்தது இரண்டு இரவுகளாவது தங்குமாறு திட்டமிடுங்கள். கோடையில் வெப்பம் 40 பாகையை எளிதில் தாண்டிவிடும் என்பதால், அங்கு குளிர்ந்த பருவமான மே முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களே ஏற்றவை.

முதல் நாள் காலையில் ஓல்டு டைமர்ஸ் மைன் என்னும் பழைய சுரங்கத்தில் தொடங்குவது நல்லது. 1915 பிப்ரவரியில் பொன் தேடி வந்த ஒரு குழுவுடன் தந்தையின் துணையாக வந்திருந்த வில்லி ஹட்சிசன் என்னும் 14 வயதுச் சிறுவன், தண்ணீர் தேடிச் சென்ற இடத்தில் ஓப்பல் துண்டுகளைக் கண்டெடுத்தான். அதிலிருந்தே இந்தக் குடியிருப்பு முளைத்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் இங்கு வந்து, கல் எடுக்கத் தோண்டியது போலவே குடியிருக்கவும் தோண்டினார்கள். சுரங்கச் சுவர்களில் குந்தாலி பதித்த தடங்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பின்னர் காணும் ஒவ்வொரு வீடும் எங்கிருந்து பிறந்தது என்பது விளங்கும். இப்பகுதிப் பூர்வகுடி மக்களின் கொக்கத்தா மொழியிலுள்ள ‘கூப்பா பிட்டி’ என்ற தொடரிலிருந்து ஊர்ப்பெயர் வந்ததாகவும், அதற்கு ‘வெள்ளையரின் குழி’ என்று பொருள் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். கல் கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இந்நிலத்தை அறிந்தவர்கள் வைத்த பெயர் அது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இரவில் தங்குவதற்கு, உள்ளூரில் ‘டக்அவுட்’ எனப்படும் நிலத்தடி அறையையே தேடிப் பிடியுங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும், குளிர்கால இரவு நடுக்கினாலும், உள்ளே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 23 முதல் 25 பாகை வெப்பமே நிலவும். தாங்குதூண் இன்றியே நிற்கும் மென்பாறையைக் குடைந்திருப்பதால் கூரை தனியாகத் தேவைப்படுவதில்லை. விளக்கை அணைத்ததும் சூழும் இருளும் அமைதியும் வேறெந்த ஊரிலும் எளிதில் கிடைக்காதவை என்பது என் உறுதியான எண்ணம்.

மறுநாள் செர்பிய மரபுவழித் தேவாலயத்திற்குச் செல்லுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிரேக்கர், செர்பியர், குரோவாசியர், இத்தாலியர் எனப் பலரும் ஓப்பலை நம்பி வந்தார்கள்; சட்டம் ஒருவருக்குச் சிறிய நிலப்பகுதியையே தோண்ட அனுமதித்ததால், பெருநிறுவனங்களின் ஊராக அன்றித் தனித்தனியாக உழைப்பவர்களின் ஊராகவே இது நிலைத்தது. பாறைக்குள் குடைந்த இத்தேவாலயமும், பீர்ப் பீப்பாயைத் தலைக்கல்லாகக் கொண்ட ஒரு கல்லறை உள்ள இடுகாடும் அந்த மனிதர்களின் இயல்பை அருங்காட்சியகப் பலகைகளைவிடத் தெளிவாகச் சொல்கின்றன.

கழிவுமண் மேட்டைக் கிளறிக் கல் தேடுவதை இங்கு ‘நூட்லிங்’ என்பார்கள். ஊருக்குள் அதற்கென விடப்பட்ட பொது இடத்தில் மட்டும் தேடுங்கள். பிறருடைய சுரங்க நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைப்பது திருட்டுக்கு ஒப்பாகக் கருதப்படும். அதைவிட முக்கியமாக, ஊரைச் சுற்றிலும் மூடப்படாத ஆழமான குழிகள் ஏராளமாக இருப்பதால், புகைப்படம் எடுக்கும்போது பின்னோக்கி ஓர் அடிகூட வைக்காதீர்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

மாலையில், வடக்கே 30 கி.மீ. சொச்சம் தொலைவிலுள்ள கான்கு-பிரேக்அவேஸ் பகுதிக்குப் போய்வாருங்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம் அது. ஓப்பலுக்கு மூலமான சிலிக்கா என்னும் கனிமப்பொருள் ஊறி இறங்கியதும் அந்தப் படிவுகளுக்குள்தான். பூர்வகுடி மக்களுக்குப் புனிதமான இடம் என்பதால் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாதீர்கள், கற்களை எடுத்து வராதீர்கள். வழியில் தண்ணீர் கிடைக்காது. போதுமான அளவைக் கையோடு கொண்டுசெல்லுங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.